அப்பா தூங்கிய ரேஸ் சீட்

என் தங்கை பல்கலைக்கழகத்தில் ரேஸ் கார் இன்ஜினீயரிங் படிக்கிறாள் என்று சொன்னால், நன்றாக ஓட்டுவாளா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஓட்டமாட்டாள். சைக்கிளிலேயே பிரேக் பிடிப்பதற்குப் பதில் காலை ஊன்றுகிறவள். கார் ஓட்டுகிறவர் உட்காரும் சீட்டைச் செய்வதுதான் அவள் வேலை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் தொங்கிப்போகும். பெரிய மாமா ஒருபடி மேலே போய், சோபா கடையில் தனக்கு ஆள் தெரியும் என்றார்.

அது ஒன்றும் இளக்காரமான வேலை இல்லை. ரேஸ் கார் வளைவில் திரும்பும்போது ஓட்டுகிறவர் விரல் அகலம்கூட நகரக் கூடாது. அதனால் காருக்குள் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து அதில் ஊற்றி, அவரை மேலே உட்கார வைப்பார்கள். கலவை நுரைத்துப் பொங்கி, அவர் முதுகையும் இடுப்பையும் அப்படியே அச்செடுத்து இறுகிவிடும். அதுதான் சீட்.

கடைசி வருஷம் வகுப்பே சேர்ந்து ஒரு கார் கட்டியது. ஒரு ரேஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, அவரவர் செய்த பாகத்தைப் பார்த்து, ஒரே ஒருவரை வேலைக்கு எடுப்பதாக ஏற்பாடு. அந்த ஒரு இடத்துக்காகத் தங்கை சோறு தண்ணி மறந்து கிடந்தாள். காரை ஓட்டப்போகிற பையனுக்கோ, சீட் எடுக்க வேண்டிய வாரம் பார்த்து அம்மை போட்டுவிட்டது. பட்டறையில் அவளுக்கு ஒதுக்கிய நாள் தவறினால் வேறு நாள் கிடையாது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவும் அந்தப் பையனும் ஒரே உயரம் என்பது அவள் கணக்கு. அகலத்தை யோசிக்கவே இல்லை. அந்தப் பையன் ஒட்டடைக்குச்சி. அப்பா பஸ் ஓட்டியே தொப்பை வளர்த்தவர். இதுதான் இன்ஜினீயரிங் படித்த மூளை.

அப்பா காலை ட்யூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தார். அசையக் கூடாது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அடியில் நுரை இதமாகச் சுட, தூங்கியே போனார். வாய் திறந்தபடி, இடது பக்கமாகச் சாய்ந்து. எழுப்பினால் அசைவார், அசைந்தால் அச்சு கெடும். அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தூங்குகிற பஸ் டிரைவருக்கு அளவெடுத்த ரேஸ் சீட் ஒன்று உருவானது.

கம்பெனி ஆள் வந்த நாளில் அவளுக்குத் துணையாக நானும் போனேன். வந்தவர் நரைத்த தலையும் கிரீஸ் படிந்த நகங்களுமாக ஓர் இன்ஜினீயர் அம்மா. அம்மைத் தழும்பு ஆறாத ஒட்டடைக்குச்சி சீட்டில் உட்கார்ந்தான். பெரிய அண்டாவுக்குள் கரண்டி கிடப்பதுபோல் இருந்தது. வகுப்பு சிரித்தது. பாவி, எனக்கும் சிரிப்பு வந்தது.

யாருடைய அளவு இது என்று அந்த அம்மா கேட்டார். வேறு யாராவது என்றால் நுரையின்மேல் பழியைப் போட்டிருப்பார்கள். இவள், "எங்கப்பா மேடம். தூங்கிட்டாரு," என்றாள். வேலை போயிற்று என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சீட்டைத் தடவிக்கொண்டே வந்து, இடது பக்கப் பள்ளத்தில் கையை நிறுத்தினார்.

"தூங்கினா தலை சாயும், தோள் சாயும். இடுப்பு இப்படி ஒரே பக்கமா அழுந்தாது. வலது பக்கம் பாரமே குடுக்கல. அவருக்கு அங்க வலி இருக்கும்மா."

அப்பா வாயிலிருந்து வலி என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. தங்கையின் முகம் மாறிவிட்டது. கம்பெனி, வேலை, சுற்றி நின்றவர்கள் எல்லாவற்றையும் மறந்து போனை எடுத்தாள்.

"அப்பா, வலது இடுப்பு எத்தனை நாளா வலிக்குது? லேசாவா? பொய் சொல்லாதீங்க, சீட் சொல்லுது. டிப்போல தெரிஞ்சா வண்டிய விட்டு இறக்கிடுவாங்கன்னு மறைச்சீங்களா? நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். பேசாதீங்க."

அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வசவு மட்டும் நிற்கவில்லை. போனை வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"இந்த சீட் உருப்படாது," என்றார் அந்த அம்மா. "ஆனா எங்ககிட்ட ரேஸ் ஓட்டறவங்களும் உங்கப்பா மாதிரிதான். வண்டிய விட்டு இறக்கிடுவாங்கன்னு வலிய மறைப்பாங்க. நீ வா. சீட் செய்ய நாங்க கத்துக்குடுக்கறோம். அவங்கள இப்படிப் பிடிச்சுத் திட்டத்தான் ஆள் இல்ல."

தங்கை நன்றாகத் திட்டுவாள் என்பது அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதுதான் தெரியாமல் போயிற்று.