கட்டி முடித்த பாலத்துக்கு ஒரு காவல்

பாலம் கட்டும் கான்ட்ராக்டருக்கு அரசாங்கம் மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகத் தந்துவிடாது. வேலை நடக்க நடக்க அளந்து பார்த்து பில் பாஸ் பண்ணும். ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் உத்தரவாதக் காலம் என்று ஒன்று உண்டு. அது முடியும்போது விரிசல், கசிவு எதுவும் இல்லை என்று அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் பிடித்த பணம் வெளியே வரும்.

அந்தப் பணத்துக்காக எங்கள் கம்பெனி விட்டுவிட்டுப் போன அடகுப் பொருள் நான். கிரேன் போயிற்று, கலவை மெஷின் போயிற்று, சமையல்காரர்கூடப் போய்விட்டார். கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறையும் கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலமும் எனக்கு மிச்சம். பணம் வந்துவிட்டால் எனக்குச் சேலத்துக்கு மாற்றல். அங்கிருந்து பஸ் ஏறினால் நாமக்கல்லில் வீடு, மனைவி.

டீக்கடைக்காரர் ஒருவர்தான் பேச்சுத்துணை.

"இன்னா அண்ணாத்தே, பாலம் கீதா, எவனாவது தூக்கினு பூட்டானா?"

"இப்பதான் ரெண்டு முனையையும் தொட்டுப் பாத்துட்டு வர்றேன்."

அதற்குள் அடுத்த ஆள் டீ கேட்டுவிடுவார். அன்றைய உரையாடல் அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் தூண்களிடம் பேசினேன். என் ஜோக்குக்கு அவை சிரித்ததில்லை. ஆனால் எழுந்தும் போனதில்லை.

ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளர் தூறலில் குடையோடு பாலத்தின்மேல் நின்றார். கீழே ஒரே சேறு. அவர் காலில் புது ஷூ.

"கீழ எல்லாம் சரியா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"சரியா இருக்கு சார்" என்றிருந்தால் சேலம். ஆனால் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்ற மனிதரைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"வாங்க சார், காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூட்டிப்போனேன். எந்தத் தூணுக்குத் தோண்டும்போது ஊற்று பொத்துக்கொண்டது, எந்தத் தூணின்மேல் ஆந்தை வந்து உட்காரும், எல்லாம் சொன்னேன். அவரும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த 'அப்படியா'வில் சொக்கிப்போய், தலைக்குமேல் பாலத்தின் இரண்டு தளங்கள் சேருமிடத்தைக் கை நீட்டிக் காட்டினேன்.

"இது மட்டும் மழை பேஞ்சா லேசா ஒழுகும் சார். பாருங்க, சொட்டுச் சொட்டா எவ்வளவு அழகா விழுது!"

அவர் குடையை மடக்கினார். போட்டோ எடுத்தார். அதைப் பிரித்துச் சரிசெய்யுங்கள், அடுத்த மழைக்காலம் தாண்டட்டும், பிறகு கையெழுத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனியில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத முடியாது. மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"யாருங்க உங்களக் கேட்டாங்க?" என்றாள்.

"அவருதான் கேட்டாரு."

அவள் குரல் தணிந்தது.

"நல்லா காது கொடுத்துக் கேட்டாருங்களா?"

"கேட்டாரு."

"சரி, அவருகிட்ட என்னென்ன சொன்னீங்களோ எங்கிட்டயும் சொல்லுங்க."

முதல் தூணிலிருந்து ஆரம்பித்தேன்.