கம்பளி வாங்கிய பெரியவர்

நானுஓயாவில் ரயிலேறிய அந்தப் பெரியவருக்கு மூன்றாம் வகுப்பில்தான் பழக்கம், இரண்டாம் வகுப்பு புதிது என்பது, அவர் இருக்கையின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். புதுக் கோட்டு, காலில் புதுச் சப்பாத்து. கேக் வாங்கி எனக்கும் கொடுத்து, தானும் ஆசையாகத் தின்றார்.

"சேத்து வச்சத செலவழிக்கிறேங்க. ஆயுசுல இப்பத்தான்."

மடியில் தடித்த கம்பளி ஒன்று. அதைத் தடவிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷமும் மலைக் குளிரில் சாக்கைப் போர்த்திப் படுத்தவராம். எங்கே பயணம் என்று கேட்டேன்.

"தலைமன்னார் போயி கப்பலுங்க. வேலை முடிஞ்சிருச்சி, விசாவும் முடிஞ்சிருச்சி. இந்தியாவுக்குப் போயிரணும்னுட்டாங்க."

"திருச்சிப் பக்கமுங்களா? அங்க கம்பளி தேவைப்படாதுங்களே. வெயில் கொளுத்துமே" என்றேன்.

அவர் கை நின்றது. "எனக்குத் தெரியாதுங்க. நான் இங்க டயகம தோட்டத்துல பொறந்தவன். அப்பாதான் அங்கேருந்து வந்தாரு, அதனால என்னையும் இந்தியாக்காரன்னு எழுதிட்டாங்க."

நான் சொல்லியிருக்க வேண்டாம். அவர் கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாவலப்பிட்டியில் நான் இறங்க எழுந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"அங்க போயி, எந்த ஊருன்னு கேட்டா என்னாங்க சொல்றது?"

ரயில் நின்றது, இறங்கிவிட்டேன். என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.