ஏனுங்க

பஸ் என்னைத் தாண்டிப் போகும்வரை உண்ணிச்செடிப் புதரைப் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். வாழவந்தியை விட்டு மூன்று வளைவுகூடத் தாண்டியிருக்க மாட்டேன். தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். ஏற்காடு டவுனுக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பியிருந்தேன். அந்த பஸ் கண்டக்டரை ஒரே நாளில் இரண்டாம் முறை பார்க்க என்னால் முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. காலையில் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதைச் செய்தார்.

மிளகுக் கொடி கட்டக் கயிறு வாங்க, காலையில் அதே பஸ்ஸில் ஏறினேன். வழக்கம்போல ஆண்கள் நிற்கிற பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க காசு. முன்னால சீட்டு காலியா இருக்குது பாருங்க, போய் உக்காருங்கக்கா.”

பின்னால் சிரிப்புக் கேட்டது. “இத்தன நாளா கவருமெண்டுக்குச் சும்மாவே காசு கட்டீருக்குதப்பா அது,” என்றான் ஒருவன்.

“யாருங்க சொன்னாங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“உங்கூட்டம்மாதானுங்க. நேத்து குழாயடியில சொன்னாங்களாமா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏனுங்க, தப்பாக் குடுத்துட்டனா? செக்கிங் வந்தா என்னத்தான் கேப்பாங்க,” என்றார்.

அவருக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

நான் பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்திலும் அப்படித்தான். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். பதினாலு வயதில் மற்றப் பிள்ளைகளுக்கு வந்தது எனக்கு வரவில்லை. குரல் உடைந்தது, உதட்டுக்கு மேல் முடி வந்தது. ஒன்பதாம் வகுப்பு பாதியில் அப்பாவை வரச்சொல்லி, பொம்பளப் பிள்ளைகள் தூங்குகிற இடம், புரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அவர் புரிந்துகொண்டார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். எந்தப் பக்கமாக ஆக்கிவிடலாம் என்று டாக்டர் அப்பாவிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பரோட்டா வாங்கித் தந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி நாங்கள் போகவில்லை. அடுத்த வருடம் நான் ஊரில் இல்லை.

அதிலிருந்து சட்டையும் லுங்கியும்தான். மீசை மெல்லியதாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஆண் என்று எடுத்துக்கொள்வார்கள், நான் மறுப்பதில்லை. நானாக அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆண் என்று சொல்ல வாயெடுத்தால் பொய் சொல்கிற மாதிரி இருக்கும். பெண் என்றாலும் அப்படியே. சேலத்தில் திருநங்கைகளோடு இரண்டு மாதம் இருந்தேன். சோறு போட்டார்கள், நன்றாக வைத்துக்கொண்டார்கள். “நாங்கெல்லாம் பாலத்தத் தாண்டி வந்தவளுக. நீ பாலத்து மேலயே குடிசை போட்டுட்ட,” என்று அதில் ஒருத்தி கிண்டல் செய்வாள். அங்கே வந்த ஒரு வக்கீல் பொண்ணுதான், என்னைப் போன்ற உடம்போடு பிறந்தவர்களுக்குத் தமிழில் ஊடுபால் என்று ஒரு சொல் இருப்பதாகச் சொன்னது. நோட்டில் எழுதிக் காட்டியது. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன். எங்கும் சொல்ல நேரவில்லை.

எந்த ஊரிலும் ஆறேழு மாதத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. எல்லா இடத்திலும் குளிக்கிற இடம்தான் பிரச்சினை. வேலை முடிந்து எல்லாரும் ஒன்றாகக் குளிப்பார்கள். நான் மட்டும் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்குவேன். ஒருநாள் யாராவது ஒருவன் அதைக் கவனிப்பான். அவன் கவனித்ததை நான் கவனித்துவிட்டால் மறுநாள் கிளம்பிவிடுவேன். கரூர், குடகு, வால்பாறை என்று இருபது வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

காப்பிப் பறிப்புக்குத்தான் வாழவந்திப் பக்கம் வந்தேன். எஸ்டேட் லைன் வீட்டில் பலரோடு தங்க முடியாது என்றதும், கணக்கெழுதுகிற ரைட்டர் ஒரு வீட்டை ஒட்டிய சாய்ப்பைக் காட்டினார். அந்த வீட்டில் ஒரு அம்மா தனியாக இருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவு. அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். புருசன் திருப்பூர் போய் வேறு ஒருத்தியோடு இருக்கிறான், பிள்ளை இல்லை. நான் பையை வைத்த அன்றைக்கே வாசலில் நின்று, “ஏனுங்க, வெந்நீ போடட்டுமுங்களா? இங்க பச்சத்தண்ணி ஆவாதுங்க,” என்றார்.

எங்கள் பக்கம் ஏனுங்க என்பது யாருக்கும் பொருந்துகிற சொல். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரைத் தள்ளி உட்காரச் சொல்லவும் அதுதான், பெண்டாட்டி புருசனைச் சாப்பிடக் கூப்பிடவும் அதுதான். அதற்குள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

இரண்டாம் மாதத்திலிருந்து ஒரே அடுப்பில் சமைத்தோம். நான் விறகு பிளந்தேன், தகரத்தில் ஓட்டை அடைத்தேன். குளிக்கிற இடத்துக்குக் கதவு செய்து மாட்டினேன். எனக்காகச் செய்தது, அவர் தனக்காக என்று நினைத்துச் சந்தோசப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, சாமியார் பிரசங்கத்தில் எந்த இடத்தில் யார் யார் தூங்கினார்கள் என்று சொல்லுவார். ஒரு வீட்டில் எந்தச் சாமான் எந்த மூலையில் இருக்கும் என்று எனக்கு முதல்முறையாகப் பழகியது.

மாசியில் ஒரு மத்தியானம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பிறந்தது, விடுதி, ஆஸ்பத்திரி எல்லாம். கையால் மிளகைப் பரப்பிக்கொண்டே கேட்டார்.

“வலிக்குமுங்களா?”

“இல்லீங்க.”

“அப்பச் செரிங்க.” கொஞ்சம் கழித்து, “அதுக்குப் பேரு என்னமோ சொன்னீங்களே?”

“ஊடுபால்.”

“ஊட்டுப்பாலுங்களா?” என்று நிமிர்ந்தார். எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்றுதான் சொல்லுவோம். “பசும்பாலா, எருமப்பாலா?”

நான் சிரித்த சிரிப்பில் மிளகு சிதறியது. அவரும் சிரித்தார். பிறகு, “உங்கள நான் என்னன்னு கூப்புடறதுங்க?” என்றார்.

“இப்பக் கூப்புடற மாதிரியேதான்.”

“ஏனுங்கன்னா? அது புருசனக் கூப்புடறதுங்க.”

“பஸ்ல தள்ளி உக்காரச் சொல்றதும் அதுதானுங்களே.”

“அப்பத் தள்ளி உக்காருங்க, வெயில மறைக்கறீங்க,” என்றார்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை. அன்று முதல் அவர் கூப்பிடும்போது எனக்கு அது வேறாகக் கேட்டது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

தவக்காலம் தொடங்கியதும் ஊர் பேச ஆரம்பித்தது. புருசன் உயிரோடு இருக்கும்போது வீட்டில் ஆம்பளையை வைத்திருக்கிறாள் என்று. கிளியூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து, உட்காராமல் வாசலிலேயே நின்று பேசினார். “ஒண்ணு அந்தாள அனுப்பு. இல்ல, நான் இந்த ஊட்டுப் பக்கம் வர மாட்டன்.” கோயிலில் நன்மை அப்பம் வாங்க அந்த அம்மா எழுந்தால் பின்வரிசையில் முணுமுணுப்பு. ஒரு ஞாயிறு எழவே இல்லை. திரும்பி வந்து என்னிடம் பிரசங்கம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“நான் போயிர்றனுங்க,” என்றேன்.

“நீங்க எதுக்குங்க போறீங்க? ஈஸ்டருக்குள்ள ஏதாச்சும் வழி பண்ணிக்கலாமுங்க.”

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்தவர் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். அங்கேதான் அந்த வழியைப் பண்ணியிருக்கிறார். மறுநாள் காலை பஸ்ஸில் எனக்கு அது தெரிந்தது.

நான் பாதியில் இறங்கித் திரும்பி வந்தபோது துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னனுங்க.” முகத்தில் பயம் இல்லை. நோன்பு முடிந்த மாதிரி ஒரு தெளிவு இருந்தது. “அத்தன பேரையும் நிக்க வெச்சுச் சொல்லீட்டன். அது ஆம்பளயே இல்லடி, பொறப்புலயே பொம்பள, கோயில் புஸ்தகத்துலயே எழுதீருக்குது, ஒரு சீக்குல மீச வந்துருச்சுன்னு. ஒருத்தி வாயத் தொறக்கலீங்க.”

“சீக்குன்னா சொன்னீங்க?”

“வேற என்னன்னு சொல்றதுங்க? ஊடுபாலுன்னா அவளுகளுக்குப் புரியுமா?” கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பேசிக்கொண்டே ஒரு புது நைட்டியை எடுத்து வந்தார். ஈஸ்டர் வாரத்துக்கென்று தனக்கு எடுத்தது, நீலத்தில் வெள்ளைப் பூ, மடிப்புக்கூடக் கலையவில்லை. “அண்ணங்கூடச் செரின்னுட்டான். அக்கான்னு சொல்லி இனி ஊட்டுக்குள்ளயே இருக்கலாமுங்க, சாய்ப்புல எதுக்கு. இதப் போட்டுக்கோங்க. மீசய எடுத்துட்டாப் போதும். நொம்ப நல்லா இருக்கும்.”

நான் அதைக் கையில் வாங்கினேன். அதுவரை ஒருவரும் தன் வீட்டுக்குள் எனக்கென்று இடம் ஒதுக்கியதில்லை. அதைப் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது.

“என்னால அக்காவா இருக்க முடியாதுங்க,” என்றேன்.

“நெசமா இல்லீங்க. ஊருக்குத்தான்.”

“ஊருக்கும்தானுங்க.”

“அப்ப ஆம்பளையா இருப்பீங்களா?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்ப நான் என்னதான் பண்றது? சொல்லுங்க.” அப்போதுதான் குரல் உடைந்தது. “நான் இந்த ஊர்லதான சாவணும்.”

அவர் கேட்டது நியாயம். நான் பையை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போய்விடுவேன். அவருக்கு அந்தக் குழாயும் அந்தக் கோயிலும்தான். நான் அங்கேயே இருந்து, நான் சீக்குக்காரியும் இல்லை, அவருக்கு அக்காவும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால், அவர் ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆவார். நைட்டியை மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டுவிட்டு, சாய்ப்புக்குப் போய்த் துணிகளை எடுத்து வைத்தேன். எனக்குச் சாமான் கம்மி. சீக்கிரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்றிருந்தது. புது அக்காவைப் பார்க்கத்தான் வந்திருந்தது என்று நினைக்கிறேன். என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் வாசல் தாண்டி இறங்கினேன்.

“ஏனு...” என்று பின்னால் கேட்டது. திரும்பினேன். அவர் கையில் குடை இருந்தது. அவர் வேலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா,” என்றார். “கொட எடுத்துக்கோங்க.”

“மழ வராதுங்க,” என்றேன்.

“அக்கா எங்க கெளம்பீட்டாங்க?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டது.

“டவுனுக்கு,” என்றார் அவர். அந்தப் பதிலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் நடந்தேன்.

பஸ் போன பிறகு ரோட்டில் வண்டி குறைவு. வெளியூர்க் கார்கள் சில கடந்து போயின. பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றேன். வழியில் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கால் வலித்தது. டவுனில் ஒண்டிக்கடை முக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

காலையில் டீக்கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்கு மேலே இருக்கிற மரங்களின் கிளையைக் குறைக்கிற வேலை. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மரம் ஏறுவீங்களா?”

“ஏறுவேன்.”

“தங்கறதுக்கு லைன் ஊடு இருக்குது. நாலு பேரு இருக்கறாங்க, அஞ்சாவதா நீங்க.”

“தனியா ஏதாச்சும் இடம் இருக்குதுங்களா?”

“ஒரம் போடற ரூமு ஒண்ணு இருக்குது. சன்னல் கெடையாது, நாத்தம் அடிக்கும். மனுசன் இருக்க மாட்டான்.”

“அது போதுங்க.”

“ஊட்டுல இருந்து யாராச்சும் தேடி வருவாங்களா? போலீசு கீலீசுன்னு எனக்கு ஆவாது.”

“யாரும் வர மாட்டாங்க.”

அங்கே போனதும் உர மூட்டைகளை ஒரு சுவரோரம் அடுக்கி, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் செய்தேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, கம்பி வளைத்து ஒன்று மாட்டினேன். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். முதல் மரம் ஒரு சில்வர் ஓக். கீழே செடிகளில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. கிளை அதன்மேல் விழக்கூடாது. கிளையைக் கயிற்றால் கட்டி, கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே விட்டேன். கீழே நின்றவர் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, “புடிச்சாச்சு, வெட்டுங்க,” என்றார். வெட்டினேன்.