பவர் ஸ்டீயரிங்கும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

தோள்வலி தாங்காமல் என் பழைய காருக்கு இன்று பவர் ஸ்டீயரிங் போட்டாயிற்று. விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து கழற்றியது.

பொருத்தி முடித்ததும் அதியமான்கோட்டை மெக்கானிக் சலீம் பாய், முன் டயர்களுக்கு முன்னால் தலா ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"புது வண்டிக்குத்தானே பாய் இது?"

"அடிபட்ட வண்டியோட பார்ட்ஸுங்க. நசுக்கிட்டுத்தான் எடுக்கணும்."

இத்தனை வருடம் இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பிய பழக்கம். காரில் ஏறி நகர்த்தியபடி அதே வேகத்தில் இழுத்தேன். ஸ்டீயரிங் லேசாகச் சுழன்றுவிட, கார் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது.

இறங்கிப் பார்த்தேன். வலது பக்கப் பழம் நசுங்கியிருந்தது. இடது பக்கப் பழம் முழுசாகக் கிடந்தது.

சலீம் பாய் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டீயரிங் நல்லா வேலை செய்யுதுங்க" என்றார்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாதித் திருஷ்டி கழிந்த காரில் இடது பக்கம் திரும்பலாமா?