தூங்குமூஞ்சி மரமும் அரபுச் சான்றிதழும்

லப்பைக்குடிக்காட்டு அன்சாருக்கு மரம் ஏறத் தெரியாது. இது அவருக்கும் மனைவி சுல்தானாவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. குவைத்தில் அவர் பார்த்தது பேரீச்சை மரத்தில் மட்டை கழிக்கிற வேலை. அதையும் கிரேன் தொட்டிக்குள் நின்றபடிதான் செய்தார். நன்றாகவே செய்தார், அதற்குத்தான் அங்கே சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழைக் குற்றம் சொல்ல முடியாது.

2003இல் அவர் ஊர் திரும்பியதும் மாமனார் பீர் முகமது அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டிவிட்டார். குர்ஆன் ஓதிப் பழகிய ஊர். அரபு எழுத்தை யாரும் கடகடவென்று வாசித்துவிடுவார்கள். அர்த்தம் கேட்டால்தான் முழிப்பார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாமனார் உச்சரிப்புப் பிசகாமல் அதை வாசித்துக் காட்டி, “மாப்பிள்ளை மரத்துக்கெல்லாம் டாக்டர்னு போட்டிருக்கு” என்று முடிப்பார். அன்சாரும் மறுக்கவில்லை. தேடி வந்த மரியாதையை யார் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள்?

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை லீலாவதி அவரைத் தேடி வந்தார். கட்டட வேலை நடந்ததால் மூன்றாம் வகுப்பைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்து டீச்சரே நடத்திக்கொண்டிருந்தார்.

“பெரிய கிளை ஒண்ணு வெடிச்சாப்ல தெரியுது பாய். பசங்க கீழ உக்காரலாமா? நீங்க சொன்னா சரி.”

அன்சார் போய் அண்ணாந்து பார்த்தார். கிளை பிரிகிற இடத்தில் ஒரு பிளவு. பழைய தழும்பா, புது வெடிப்பா? அவருக்குப் பிடிபடவில்லை. பேரீச்சைக்கு ஏது கிளை! வெட்ட வேண்டும் என்றால், ஏறுங்கள் பாய் என்பார்கள். அடிமரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

“பயப்படாதீங்க டீச்சர். நல்லா இருக்கு.”

டீச்சரின் பயம் போய்விட்டது. அது அப்படியே அன்சாரிடம் வந்து சேர்ந்தது. அவர் மகள் இன்ஷாவும் அந்த வகுப்புதான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் கதவு அடித்துக்கொண்டால் நெஞ்சு தூக்கிப்போட்டது. வேலை இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்துப் பக்கமே சுற்றி வந்தார்.

“ஏங்க, தெரியலைன்னு போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்” என்றாள் சுல்தானா.

“சொல்லிட்டு உங்க அத்தா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று சுழன்றது. பள்ளிக்கூட வாசலில் நின்ற அன்சாருக்கு மேலே கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. கிளையா, தகரக் கூரையா என்று தெரியவில்லை. உள்ளே ஓடினார். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, இன்ஷாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று வெயிலுக்கு இழுத்து வந்தார்.

வாய்ப்பாடு நின்றுபோனது.

“என்னை மட்டும் ஏன் அத்தா இழுக்குறீங்க? அவங்கள்லாம் உக்காந்திருக்காங்களே?”

லீலாவதி டீச்சர் கிளையை அண்ணாந்து பார்க்கவில்லை. அன்சாரின் முகத்தைப் பார்த்தார், அதுவே போதுமாயிருந்தது.

“எல்லாரும் எந்திரிங்க! பையெல்லாம் கிடக்கட்டும், ஓடியாங்க!” என்று அலறினார்.