டைஸ் யுத்தத்துக்கு வசனம் எழுதியவள்

வசனம் எழுதுகிற தொழிலில் கதை உங்களுக்கு விளங்குகிறதா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு விளங்காவிட்டால் மட்டும் எல்லோரும் உங்களைத்தான் கேட்பார்கள். பல வருடமாக நான் வேற்றுமொழி நாடகங்களுக்குத் தமிழ் வசனம் எழுதிக் கொடுத்தவள். வாய் அசைவுக்குச் சொல் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த வாய்கள் எதற்காக அழுகின்றன என்று சில சமயம் எனக்கே தெரியாது. இதே பிழைப்பில் இருக்கிற சக பாவிகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கதை எங்கே?

தயாரிப்பாளர் ரொஷான் ஒரு நாள் பம்பலப்பிட்டியில் இருக்கிற தன் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இது டப்பிங் இல்லை. சொந்தமா எழுதுறது. உங்கட பேர் தனியா வரும்" என்றான். என் பெயர் ரீவியில் தனியாக வந்ததே கிடையாது. மேலே ஒன்றும் கேட்காமல் ஓம் என்றுவிட்டேன்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். இரண்டு நண்பர்கள் 'பாலத்துப் போர்' என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேசை முழுக்க மலை, ஆறு, பாலம் எல்லாம் செய்து வைத்து, விரல் உயரச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, டைஸ் போட்டு யுத்தம் நடத்துவார்கள். அதைப் படம் பிடித்து இணையத்தில் போட, கனபேர் பார்க்கிறார்களாம். அதைத் தொடர்நாடகமாக எடுக்க ஒரு சானல் சம்மதித்துவிட்டது.

நான் பேனாவைத் திறந்துகொண்டு, கதையைச் சொல்லு என்றேன். அவன் ஒரு தடித்த புத்தகத்தை என் பக்கம் தள்ளினான். முதல் பக்கத்தில், ஒரு சிப்பாய் சேற்றில் எத்தனை அங்குலம் நடக்கலாம் என்று இருந்தது. அடுத்த பக்கத்தில், மழை பெய்தால் எத்தனை அங்குலம். கடைசி வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில கதை எங்கயடா?" என்று கேட்டேன்.

"கதை இல்லை அக்கா, விதி மட்டும்தான் இருக்கு. கதைக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது."

முதல் ஞாயிறு

நண்பர்களில் ஒருவர் அன்ரன், கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். மற்றவர் யோகன், படம் கீறுகிறவர், வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரன் சேர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டதும், அவர் வீட்டு மேல்மாடியில் யுத்தம் தொடங்கும். உவர்நாடு அன்ரனுடையது, அதற்கு ஒரு ராணி. மேட்டுநாடு யோகனுடையது, அதற்கு ஒரு தளபதி. நடுவில் பாலம்.

பின்னேரம் முழுக்க ஒரு கதிரையில் இருந்து பார்த்தேன். தையல்காரர் மாதிரி அளவுநாடா பிடித்து அளந்தார்கள். டைஸ் போட்டார்கள். திடீரென்று கத்தினார்கள், திடீரென்று பேசாமல் இருந்தார்கள். அன்ரனின் மனைவி தேத்தண்ணியும் சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் தந்தா. யார் வெல்கிறார்கள் என்று அவவிடம் இரகசியமாகக் கேட்டேன். அவ உதட்டைப் பிதுக்கினா. இதில் நல்லவர் யார் என்று நேரடியாகவே கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் தங்களைக் காட்டினார்கள். ஆர்வமிருப்பதாகக் காட்டிக்கொள்வோம் என்று பாலத்தடியில் நின்ற ஒன்றைக் கையில் எடுத்து, "இந்தப் பொம்மை நல்ல வடிவா இருக்கு" என்றேன். இருவரும் டைஸைக் கீழே வைத்தார்கள்.

அன்ரன் மரியாதையாகத்தான் சொன்னார்: "மிஸ், அது பொம்மை இல்லை, எங்கட ராணி. அவவைக் காலில பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி வச்சிருக்கிறீங்க."

தளபதியின் முகம்

மேசையில் நடந்தது எதையும் மாற்றக்கூடாது என்பது நண்பர்களின் நிபந்தனை. நானும் விசுவாசமாக எழுதினேன். ஒரு யுத்தத்தில் மேட்டுநாட்டுத் தளபதி பெரும்படையோடு பாலம் வரை பாய்ந்து வந்து, பிறகு ஒன்றும் செய்யாமல் அப்படியே நின்றார். அதையும் எழுதிவிட்டேன்.

படப்பிடிப்பு ஒரு தென்னந்தோட்டத்தில். தளபதியாக நடித்த ரமேஷ் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். எதற்கும் காரணம் வேண்டும் அவருக்கு. அந்த வெயிலில், பொதி சுற்றுகிற ரெஜிஃபோமில் வெட்டிய கவசத்துக்குள் வேர்வை ஒழுக ஒழுக என்னிடம் வந்து, "மிஸ், தளபதி ஏன் நிக்கிறார்?" என்று கேட்டார். பயமாக இருக்கலாம் என்றேன். மர நிழலில் இருந்த யோகன் எழும்பிவிட்டார். "என்ர தளபதிக்குப் பயமெண்டா நான் இப்பவே வீட்ட போறன்." அப்படியென்றால் மனம் இரங்கியிருக்கலாம் என்றேன். அதற்கு அன்ரன் சம்மதிக்கவில்லை. எதிரிக்கு இரக்கம் வந்தால் ராணியின் வீரம் குறைந்துவிடுமாம். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். டைஸில் ஒன்று விழுந்தது, ஒன்று விழுந்தால் நகரக்கூடாது, அதனால் நின்றார்.

ரமேஷ் தலைக்கவசத்தைக் கழற்றிவைத்துத் தன் முகத்தைத் தடவிப் பார்த்தார். "சரி மிஸ், ரெண்டு விழுந்தா வைக்கிற முகம் எனக்குத் தெரியும். ஒண்டு விழுந்தா என்ன முகம் வைக்கிறது?"

ஒருவருக்கும் சொந்தமில்லாத நிறம்

சானலில் எங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு சிங்கள மனிதர். நல்லவர், ஆனால் பயந்தவர். உவர்நாட்டுக்கு நீலக்கொடி என்றதும், அது ஒரு கட்சியின் நிறம் என்றார். மேட்டுநாட்டின் பச்சையும் அப்படியே. சிவப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை, கையை மட்டும் அசைத்தார். கறுப்பு செத்தவீடு, வெள்ளை சரணடைதல். பிறகு வரைபடத்தைப் பார்த்து, உவர்நாடு வடக்கிலா இருக்கிறது என்று கேட்டார். நான் வரைபடத்தைத் திருப்பி வைத்து, இப்போது தெற்கில் என்றேன். அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி: இதில் எந்தப் பக்கம் அரசாங்கம்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், ஏன் போகிறாய். இதற்குப் பதில் தெரியவில்லை. இரண்டும் இல்லை என்றால் இரண்டுமே கலகக்காரர் என்றாகிவிடும். ரொஷான் நடுவில் விழுந்து, இரண்டு படைக்கும் மண்ணிறம் போடுவோம், ஒன்று கொஞ்சம் கடும் மண்ணிறம் என்று முடித்துவைத்தான். அடுத்த நாள் படப்பிடிப்பில் துணை நடிகர் ஒருவர் தன் படையையே நல்ல மனதோடு வெட்டிச் சாய்த்தார்.

நிறம் முடிவான அன்று படியிறங்கும்போது அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "மிஸ், மண்ணிறம் ஒருத்தர்ட கட்சியும் இல்லைதானே, இப்போதைக்கு?"

ராணிக்கு விசா

தொடருக்கு முடிவு வேண்டும், ஒரு பக்கம் தோற்க வேண்டும் என்று சானல் சொல்லிவிட்டது. மேசையிலோ யாரும் முற்றாகத் தோற்றதில்லை. அடுத்த ஞாயிறு எல்லோரும் உயிரோடு எழும்பி வந்துவிடுவார்கள். முடிவு எனக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ராணியாக நடித்த பிள்ளைக்குக் கனடா விசா வந்தது. விசா வந்த ராணி பாலத்தில் சாகிறாள் என்று எழுதினேன்.

அந்த ஞாயிறு அன்ரன் என்னோடு பேசவில்லை. யோகனைப் பார்த்துத்தான் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் ஒரே இடம். கதைச்சுப் பேசித்தான் என்ட ராணியைச் சாகடிச்சிருக்கிறீங்க." யோகன் தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் அடுக்கி, மூடி, எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இருவரும் சம்மதிக்காமல் கடைசிப் பகுதியை எடுக்க முடியாது என்று ரொஷான் தலையில் கை வைத்துவிட்டான். தொடர் நின்றால் என் பெயரும் போச்சு. ஆனால் அதைவிட, ஒரு விசாவுக்காக இரண்டு பேரைப் பிரித்துவிட்டேனோ என்பதுதான் என்னைக் குடைந்தது.

நிலைமை எப்படி என்று அறிய அன்ரன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவிதான் பேசினா. "இவர் இப்ப மேல தனிய இருந்து ரெண்டு பக்கத்துக்கும் விளையாடுறார் மிஸ். ரெண்டு பக்கமும் தோக்குறார்."

யோகன் வீட்டில்

சமாதானம் பேசப் போனேன். யோகன் கதவைத் திறந்து, இருங்கோ என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராணியைக் கொன்றது நான்தான், நீங்கள் இல்லை என்று அன்ரனிடம் சொல்கிறேன் என்றேன். அதில்லை பிரச்சினை என்றார். கொரோனா ஊரடங்கு நேரம் அவர் இங்கே, அன்ரன் அங்கே. கொட்டாஞ்சேனையை முழுக்க மூடி வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி மேசை போட்டு, போனில் விளையாடியிருக்கிறார்கள். அன்ரன் அங்கே டைஸ் போட்டு இலக்கத்தைச் சொல்ல, யோகன் இங்கே அவருடைய சிப்பாய்களையும் தானே நகர்த்தியிருக்கிறார்.

"அவன்ர டைஸை நான் மாசக்கணக்காக் கண்ணால காணேல்லை" என்றார். "அவன் ஒண்டு எண்டா ஒண்டு, ஆறு எண்டா ஆறு. இப்ப முன்னால நிண்ட என்னை நம்பேல்லையாம்."

ஆறு

அதை அப்படியே கொண்டுபோய் அன்ரனிடம் சொன்னேன். விசாக் கதையையும் சொன்னேன். அவர் மேசையடியில் நின்று கேட்டார். பிறகு யோகனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் வைத்து, ஹலோ கூடச் சொல்லாமல், "என்ட ராணி பாலத்தில நிக்கிறா. உன்ட முறை" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

இருட்டும்வரை விளையாடினார்கள். நான் அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன அளக்கிறோம் என்று தெரியாது. கடைசியில் பாலத்தில் தளபதியும் ராணியும் மட்டும். தளபதிக்கு ஆறு விழுந்தால் ராணி போச்சு. யோகன் வெள்ளவத்தையில் டைஸ் போட்டார். உருளுகிற சத்தம் கேட்டது. "ஆறு" என்றார், குரல் இறங்கியிருந்தது. "அன்ரன், வேணுமெண்டா திரும்பப் போடுறன்." அன்ரன் ராணியைப் பாலத்திலிருந்து எடுத்துத் தன் நெஞ்சோரச் சேட்டுப் பைக்குள் வைத்தார். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நான் எந்தப் பக்கமும் இல்லையே.

அன்ரன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "விழுந்தா விழுந்ததுதான் மிஸ். எழுதுங்க."

லிஃப்டில்

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. என் பெயர் தனியாக வந்தது. நான் வாசித்து முடிப்பதற்குள் சவர்க்கார விளம்பரமும் வந்துவிட்டது. அடுத்த நாள் லிஃப்டில் மூன்றாம் மாடி சரோஜா அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டா. முன்பு வங்கியில் வேலை பார்த்தவ, விவரமான மனுசி. ஒரு வாரமும் தவறவிடவில்லையாம். ராணி செத்த இடத்தில் விம்மி விம்மி அழுதாவாம். நான் மகிழ்ந்துபோனேன். லிஃப்ட் நின்று கதவு திறந்த பிறகும் அவ இறங்கவில்லை.

"பிள்ளை, குறை நினையாத, ஒண்டு கேக்கிறன். செத்த ராணி எங்கட ஆளோ, மற்ற ஆக்களோ?"

யார் யாரோடு ஏன் சண்டை பிடித்தார்கள் என்று விளங்காமலே ஒரு யுத்தத்தை எழுதி முடித்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் விளங்காமலே ஒரு யுத்தத்தைப் பார்த்து முடித்த ஊரில் அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.