பாய் தாடி எடுத்த நாள்

தண்ணி லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் தன் தாடியை எடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலுதவி அறையின் கத்தரிக்கோலால் முதலில் வெட்டினார். பிறகு ஒரு ஜவானிடம் ரேசரை வாங்கிக்கொண்டார். வானத்தில் பாதியைக் கரும்புகை மூடியிருந்தது.

தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் நான் நர்ஸ். பாய் அப்போது அங்கே சேஃப்டி ஃபோர்மேன். வடசென்னை என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் பேச்செடுப்பேன். நச்சுப்புகைக்குப் போடுகிற முகமூடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். காற்று வரும் துளையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மூச்சை இழுக்கச் சொல்வார். ரப்பர் முகத்தோடு கவ்விப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த ஆளுக்கு அன்றைக்கு உள்ளே வேலை கிடையாது. தாடி இருந்தால் பிடிக்காது. அதனால் தாடிக்காரர் யாரும் டாங்குகளைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாதென்று அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார். பதினெட்டு வருஷத் தாடிக்காரரான அவரும் தாண்டியதில்லை. உதவியாளர் உள்ளே போவார். பாய் வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

கிடங்கின் எண்ணெய் டாங்க் ஒன்று தீப்பிடித்த மறுநாள் காலை ராணுவ வீரர்கள் முப்பத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். எரிகிற எண்ணெய் குடியிருப்புப் பக்கம் ஓடிவிடாமல் மணல் மூட்டை அடுக்குவது அவர்கள் வேலை. வெள்ள நிவாரணத்திலிருந்து நேராக வந்ததால் எல்லார் முகத்திலும் நாலு நாள் தாடி. அவர்களுடைய சுபேதார் மதுரைப் பக்கத்துக்காரர். மீசை கன்னம்வரைக்கும் போயிற்று. ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கிளம்பியவர்களைப் பாய் குறுக்கே நின்று மறித்தார்.

"ஈரத்துணி கண்ணுக்குத் தெரியற கரியத்தான் புடிக்கும் சார். தெரியாதது உள்ள பூந்துகினு பூடும். அல்லாரும் ஷேவ் பண்ணிக்கினு வாங்க, மாஸ்க் தரேன். உங்க மீசையும் எடுக்கணும்."

சுபேதாருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க தாடிய வச்சுக்கிட்டு என் மீசைய எடுக்கச் சொல்றீகளா பாய்? எங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தான். தள்ளுங்க."

அன்றைக்குப் பார்த்து உதவியாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். உள்ளே எங்கெங்கே குழாய் போகிறதென்று காட்டவும், மூச்சு முட்டுகிறதென்று முகமூடியைத் தளர்த்துகிறவர்களைப் பிடிக்கவும் பாயை விட்டால் ஆள் இல்லை. ஆனால் நாலு நாளில் அவர் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு மீஞ்சூர், மார்க்க விஷயத்தில் கொஞ்சம் கறாரான குடும்பம்.

"சிஸ்டர், கத்திரி குடும்மா," என்றார் பாய்.

"பாய், நிக்காஹ் வருதே..."

"தாடி மறுபடி மொளைக்கும். இவங்கோ நொரையீரல் மொளைக்குமா?"

ரேசரால் கடைசி இழுப்பு இழுத்துவிட்டு அவர் திரும்பியபோது எனக்கே ஆளை அடையாளம் தெரியவில்லை. தாடைமட்டும் வெள்ளை வெளேரென்று குழந்தை முகம் மாதிரி இருந்தது. சுபேதார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மணல் மூட்டைமேல் உட்கார்ந்து, மீசையை எடுக்கச் சொல்லித் தன் ஜவான் ஒருவனிடம் முகத்தைக் காட்டினார்.

முப்பத்திரண்டு முகமூடிகளையும் பாய் தன் கையால் சோதித்தார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றினார். மதியம் கடல்காற்று திரும்பிப் புகையை ஆட்கள்மேல் தள்ளுவதற்குள் எல்லாரையும் வெளியே இழுத்துவிட்டார். இன்னும் பத்து நிமிஷம் என்று சுபேதார் கெஞ்சியும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தீ அடங்கியது. டாக்டர் வந்து ஒவ்வொருவர் நெஞ்சையும் சோதித்தார். கண் எரிச்சலைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. நான் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நிக்காஹ் அன்று நான் பயந்தபடியே ஆயிற்று. மாப்பிள்ளையின் அத்தா பாயை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சம்பந்தி, மொகத்துல இன்னாமோ கொறையுதே?"

"வேலைல எடுக்கற மாதிரி ஆயிப்போச்சு," என்று மட்டும் சொல்லிப் பாய் தலை குனிந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எழுவதற்குள் பாய் அழைத்து வந்திருந்த சுபேதார் பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்க முப்பத்திரண்டு பேருக்காக எடுத்தாருங்கய்யா," என்று நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லும்போது அவர் கை மீசையில்லாத உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. சம்பந்தி எழுந்து வந்து பாயைக் கட்டிக்கொண்டார். கூடப்பிறந்தவரைப் பார்க்கிற மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் பாயைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்; தாடி நெஞ்சுவரைக்கும் வளர்ந்து பஞ்சாக வெளுத்திருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. ஊரில் விவசாயம் பார்க்கும் சுபேதார். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தீ அடங்கிய தேதியில் இப்படிக் கூப்பிடுவாராம். நானும் கேட்கட்டுமென்று பாய் ஸ்பீக்கரைப் போட்டார். வணக்கமில்லை, நலம் விசாரிப்பில்லை. சுபேதார் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மெதுவாக விட்டார். அவ்வளவுதான்.

பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "க்ளீனா கீது சார்," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.